ஏழாவது வார்டு நீங்கலாக

உயிரோடு இருக்கிறேன் என்று காட்டுவதற்காக அன்று விழுப்புரம் போயிருந்தேன். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை நேரில் போய் நிற்க வேண்டும். அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரி போங்க என்று சொன்னால், அடுத்த ஆண்டு வரைக்கும் நாம் இருக்கிறோம் என்று பொருள். எனக்கு முன்னால் நான்கு பேர் இருந்தார்கள். சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. கருவாட்டுக்கடை செல்வி. எங்கள் ஊர்ச் செவ்வாய்ச் சந்தையில் வருஷக்கணக்காகக் கருவாடு விற்கிறவர்.

"அண்ணே, மெம்பரம்மா போயிட்டாங்கண்ணே," என்றார். "காலையில டீ போட்டு வச்சிட்டு ஒக்காந்தவங்கதான். எழுந்திருக்கவே இல்ல."

வரிசையை விட்டு அப்போதே வெளியே வந்திருக்கலாம். வரவில்லை. நான்கு பேரும் முடியும் வரை நின்றேன், என் முகத்தையும் காட்டினேன், கையெழுத்தும் போட்டேன். அதற்குப் பிறகுதான் பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். என்னைப் பற்றித் தெரிந்துகொள்ள இது போதும். மீதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

திண்டிவனம் வண்டியில் ஏறினேன். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் லாரிகளுக்கு நடுவே வெகுநேரம் நின்றது. எங்கள் ஊருக்கு நெடுஞ்சாலையிலேயே இறங்கி உள்ளே நடக்க வேண்டும். இறங்கும் இடத்தில் இப்போது பெரிய வளைவு ஒன்று இருக்கிறது, ஊர்ப் பெயரும் மேலே விளக்குகளும் போட்டது. அதன் அடியில் நடந்துதான் எங்கள் மெம்பர் தனபாக்கியம் அம்மாவின் சாவுக்குப் போனேன். இதைப் படிப்பவர்கள் எல்லோரும் ஏழாவது வார்டுக்காரர்களும் சந்தைக்காரர்களும்தான். ஊர்ப் பெயரை நான் எழுத வேண்டியதில்லை.

சந்தைக்குப் பின்னால் இருக்கும் அவருடைய தையல்கடை வீட்டின் முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். கட்சிக்கொடி போர்த்தியிருந்தது. செல்வி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து நாற்காலி இழுத்துப் போட்டார். பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதார். நடுவில், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"தங்கமான மனுஷிண்ணே. அந்த வளைவு விஷயத்துல ஒரே ஒரு தடவ கை தூக்கிட்டாங்க. அது நீங்கலா ஒரு கொறை சொல்ல முடியாது."

நான் தலையாட்டினேன். பதினாறாம் நாள் படத்திறப்புக்கு ஒரு சின்ன நினைவு மலர் போடுகிறோம், நீங்கள் ஏதாவது எழுதிக் கொடுங்கள், ஆபீசில் எழுதியே பழகியவர்தானே என்று செல்வியே கேட்டார். அதற்கும் தலையாட்டினேன்.

செல்வி, முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும், இங்கே சொல்கிறேன். மெம்பரம்மா அன்றைக்குக் கை தூக்கவில்லை.

எங்கள் பேரூராட்சியில் நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் எழுத்தர் வேலை பார்த்தேன். மன்றக் கூட்டம் நடந்தால் ஓரத்து மேசையில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னார்கள், எது நிறைவேறியது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுவது என் பொறுப்பு. கடைசித் தேர்தலில் பதினைந்து வார்டில் பதினான்கு ஒரு பக்கம் போனது. அந்தப் பதினான்கில், சுயேச்சையாக ஜெயித்த இரண்டு பேரும் மாலை காய்வதற்குள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். எதிர்க்கட்சி என்று மிஞ்சியது ஏழாவது வார்டு மட்டும். ஜாக்கெட் தைக்கிற ஒரு பெண்மணி.

நம் மன்றங்களில் கூட்டம் எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். தலைவர் பொருள் எண்களைச் சொல்லி முடிப்பதற்குள் மேசையைத் தட்டி "ஆல் பாஸ்" என்பார்கள். வேகவைத்த மல்லாட்டையும் டீயும் வரும். முதல் கூட்டத்தில் அந்தச் சத்தம் அடங்கிய பிறகு தனபாக்கியம் அம்மா எழுந்து, மூன்றாவதும் ஒன்பதாவதும் எனக்குச் சம்மதமில்லை என்றார். மற்றவர்கள் கடலைத் தோலை உரித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் கலைந்து எல்லோரும் தலைவர் அறைக்குள் போனதும் அவர் தன் டீயை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

நான் வேணாம்னு சொன்னதை எப்படி எழுதுவீங்க என்று கேட்டார். அதற்கு ஒரு வழக்கமான வாசகம் இருக்கிறது என்று எழுதிக் காட்டினேன். 'ஏழாவது வார்டு உறுப்பினர் நீங்கலாக, மற்ற உறுப்பினர்கள் ஒப்புதலுடன் நிறைவேறியது.' அந்த வரியை வாய்விட்டு இரண்டு முறை படித்தார்.

"நீங்கலாக. நல்லாருக்குதே கிளார்க்கண்ணே. சண்டை போட்டா மாதிரியும் இல்ல, ஒத்துக்கினு போனா மாதிரியும் இல்ல."

அன்றிலிருந்து அந்தச் சொல் அவருடையதாகிவிட்டது. ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று "பொருள் எண் நாலு, ஏழாவது வார்டு நீங்கலாக" என்று சொல்லிவிட்டு, என் பேனா நகர்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். கல்யாணப் பந்தியில், எனக்குப் பாயசம் நீங்கலாக எல்லாம் வைப்பா, சுகரு என்பார். நீங்களும் அதைப் பிடித்துக்கொண்டீர்கள். சந்தையில் தக்காளி பொறுக்கும்போது, சொத்தை நீங்கலாகப் போடு என்று கேட்பதை நானே கேட்டிருக்கிறேன்.

ஆனால் மன்றத்தில் அது விளையாட்டாக இருக்கவில்லை. ஆறாவது வார்டுக்காரர் தன் நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார். எட்டாவது வார்டு நாற்காலியில் யாரும் உட்காருவதே இல்லை, அந்த உறுப்பினர் எதிர் வரிசைக்குப் போய்விட்டார். அந்தக் காலி நாற்காலியில் அம்மா தன் துணிப்பையை வைப்பார். கூட்டம் முடிந்தால் பதினான்கு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டு உள்ளே போவார்கள், அவர் ஆறிப்போன டீயோடு என் மேசைக்கு வருவார். என் மனைவி இறந்து அப்போது இரண்டு வருடம். வீட்டுக்குப் போனால் எனக்கும் பேச ஆளில்லை. மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கால்மணி நேரம் எங்கள் இருவருக்குமே வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுப் பின்கதவு காலையிலேயே திறந்துவிடும். சந்தைக்கு வரும் பெண்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. மரக்காணம் பக்கத்திலிருந்தும் திருவெண்ணெய்நல்லூர் பக்கத்திலிருந்தும் விடியற்காலையில் கூடையோடு வந்து இறங்குகிறவர்கள், பொழுது சாயும் வரை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் உட்கார்ந்திருப்பார்கள். தெரிந்தவர்கள் மட்டும் அம்மா வீட்டுப் பின்கதவு வழியாகப் போய் வருவார்கள். இரண்டு வாளித் தண்ணீர், ஒரு சோப்பு, கொடியில் ஒரு துண்டு. அவர் கணவர் சண்முகம் அன்று முழுக்கக் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பார். மெம்பர் ஆவதற்கு வெகுகாலம் முன்பே இது நடந்துகொண்டிருந்தது. மெம்பர் ஆனதே இதற்காகத்தான் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய பட்ஜெட் கூட்டம். சந்தையில் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று அவர் மனு மேல் மனுவாகக் கொடுத்திருந்தார். வரவு செலவுத் திட்டத்தில் அது 'நிதி நிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்' என்று இருந்தது. நெடுஞ்சாலை முனையில் அலங்கார நுழைவு வளைவு அமைப்பதற்கு மட்டும் நிதி நிலைமை சரியாக இருந்தது. அதே பட்டியலில் அம்மாவின் தெருவுக்குச் சிமெண்டு சாலையும் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் தொடங்கும் முன் அவர் என்னிடம் வந்து அலுவலகக் கழிப்பறைச் சாவியைக் கேட்டார். அது என் மேசை இழுப்பறையில்தான் இருக்கும். கொடுத்தேன். திருப்பித் தராததை நான் கவனிக்கவில்லை. தலைவர் திட்டத்தை நிதானமாகப் படித்தார், பட்ஜெட் நாள் என்பதால் டீ இரண்டு முறை வந்தது. இரண்டு மணி நேரம் ஆனதும் ஒருவர் எழுந்து போனார், போன வேகத்தில் திரும்பி வந்தார். இன்னொருவர் போனார். அவரும் வந்தார். மூன்றாவது ஆள் சாவி எங்கே என்று என்னைக் கேட்டபோது தனபாக்கியம் அம்மா எழுந்து நின்று, துணிப்பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ரெண்டு மணி நேரம்தான் ஆச்சுங்க தலைவரே. அதுக்கே நெளியிறீங்க. அவுங்க விடியக்காலம் வந்து எறங்கி, பொழுது போனப்புறம் பஸ் ஏறுறாங்க. உள்ள வர்றவனுக்கு ஊரு பேரு தெரியணும்னு வளைவு கட்றீங்க. சந்தையில ஒக்காந்திருக்கறவளுக்கு ஊரு பேரு தெரியும். எங்க ஒதுங்கறதுன்னுதான் தெரியல."

இரண்டு பேர் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். பிறகு ஒருவர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார், எல்லோரும் சிரித்துவிட்டார்கள், சிரிப்போடு சிரிப்பாக மேசையைத் தட்டி ஆல் பாஸ் என்றார்கள். அம்மா உட்காரவில்லை. "பொருள் எண் பதினொன்னு, வளைவு, ஏழாவது வார்டு நீங்கலாக" என்றார். என் பேனாவைப் பார்த்தார். நான் குறிப்புத்தாளில் எழுதினேன். அதைப் பார்த்த பிறகே உட்கார்ந்தார்.

குறிப்புத்தாளிலிருந்து தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுவது சாயங்கால வேலை. தலைவர் என் மேசைக்கு வந்து நின்றார். சாவியை யார் கொடுத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். உங்களுக்கு ஓய்வு எப்போது என்று கேட்டார். இன்னும் ஆறு மாதம் என்றேன். அரசு வேலையில் இருந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் பொருள் தெரியும். பதினேழு பி என்று ஒரு குற்றச்சாட்டு ஓலை உண்டு. அது கையில் வந்தால் ஓய்வு பெறவும் விடமாட்டார்கள், வேலையும் பார்க்க முடியாது. அவர் அதைச் சொல்லவில்லை. புத்தகத்தை எட்டிப் பார்த்து, "எல்லாம் ஏகமனதுதானே?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாங்க," என்றேன். எழுதினேன். 'பொருள் எண் ஒன்று முதல் இருபத்திரண்டு வரை ஏகமனதாக நிறைவேறியது.'

கைதவறி எழுதிவிட்டேன், பழக்கத்தில் எழுதிவிட்டேன் என்று எனக்கு நானே இத்தனை நாளும் சொல்லிவந்தேன். கை தவறவில்லை. பயந்தேன்.

முந்தைய கூட்டத்தின் தீர்மானங்களை அடுத்த கூட்டத்தில் படித்து உறுதி செய்வார்கள். அந்த மாதம் மகள் பிரசவத்துக்காக அம்மா திருவெண்ணெய்நல்லூர் போயிருந்தார். கேட்க ஆளில்லாமல் உறுதியாகிவிட்டது. வளைவுக்கு அடிக்கல் நாட்டிய அன்று ஆளுங்கட்சிக்காரர்கள் தீர்மான நகலைச் சந்தையில் கொடுத்தார்கள். உங்கள் மெம்பரும் ஏகமனதாக ஒத்துக்கொண்டார், பதிலுக்குத் தெருவுக்குச் சாலை வாங்கிக்கொண்டார் என்று பேச்சு பரவியது. சாவிக் கதை ஏற்கெனவே ஊருக்குத் தெரியும். சாவியைக் கொடுத்துட்டு ரோட்டை வாங்கிக்கினாங்க என்று அதையும் சேர்த்துச் சிரித்தார்கள். நகலில் கீழே என் கையெழுத்து இருந்தது.

மறுநாள் அம்மா அலுவலகத்துக்கு வந்து புத்தகத்தைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். விரலை அந்தச் சொல்லின் மேல் வைத்தார்.

"இதுல நான் எங்கண்ணே இருக்கேன்?"

கைதவறிடுச்சுங்க என்றேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை, புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே மனு போட்டால் எனக்கு என்ன ஆகும் என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன், அதில் மட்டும் நான் நேர்மையாக இருந்தேன். அவர் புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினார்.

"அப்ப உடுங்க. உங்களுக்கு இன்னும் கொஞ்ச மாசம்தான். எனக்கு வயசிருக்குது, நான் சொல்லிக்கினே இருப்பேன்."

அவர் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். யாரும் நம்பவில்லை. எழுத்தில் வேறாக இருக்கிறதே என்றார்கள். கிளார்க் தப்பாக எழுதிவிட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் பெயரை அவர் எடுக்கவே இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை சந்தைக்காரப் பெண்கள் அந்தப் பின்கதவுக்குப் போகவில்லை. பேசி வைத்துக்கொண்டு போகாமல் இருந்தார்களா, ஒருவரைப் பார்த்து ஒருவர் நின்றார்களா, எனக்குத் தெரியாது. செல்விக்குத் தெரியும். வாளிகள் நிறைந்தே இருந்தன. சாயங்காலம் சண்முகம் அந்தத் தண்ணீரை முருங்கை மரத்துக்கு ஊற்றினாராம். அடுத்த வாரமும் கதவு திறந்தது, வாளி நிறைந்தது. அதற்கடுத்த வாரமும் அப்படியே.

என் ஓய்வு விழாவுக்கு அம்மா வந்திருந்தார். எல்லோரும் இரண்டு வார்த்தை பேசினார்கள். அவர் எழுந்து, "எங்க கிளார்க்கண்ணன் எழுதினா எழுதினதுதான், மாத்த முடியாது" என்றார். கைதட்டினார்கள். கேலியாகச் சொன்னாரா, வலித்துச் சொன்னாரா, வாழ்த்தினாரா என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன். எனக்குப் போர்த்திய சால்வையை வீட்டுக்கு வந்து பிரிக்கவே இல்லை.

ஊரில் இருக்கக் கூசியது. திண்டிவனத்தில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்குப் போனேன். அங்கே போன முதல் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மாவிடமிருந்து போன் வந்தது. இன்னிக்கும் யாரும் வர்லண்ணே என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. என்னைக் குத்திக் காட்டுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். நாலைந்து வாரம் கழித்துத்தான் புரிந்தது. நடந்தது தெரிந்து, அவரை நம்புகிற ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான். வேறு யாரிடம் சொல்லுவார்?

அப்படியே வாரா வாரம் போன் வந்தது. அந்த மாடியில் என்னோடு வேறு யாரும் பேசுவதில்லை. செவ்வாய் சாயங்காலம் ஆனால் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருமுறை, நான் வேண்டுமானால் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். இப்ப சொன்னா பென்ஷனுக்கு ஏதாவது ஆவுமா என்றார். ஆகலாம் என்றேன். வேணாம் உடுங்க என்றார். வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று தெரிந்துதான் கேட்டேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் செல்வி வந்தாராம். நனைந்துபோய், வேறு வழியில்லாமல் பின்கதவில் வந்து நின்றாராம். அம்மா கொடியில் இருந்த துண்டை எடுத்துக் கொடுத்தார். அன்று போனில் அவர் குரலே வேறு மாதிரி இருந்தது. "செல்வி வந்துச்சுண்ணே. ஒரு ஆளு." அடுத்த வாரம் மூன்று பேர். பொங்கலுக்குள் பழையபடி ஆகிவிட்டது. நீங்கள் எல்லோரும் அவரை மன்னித்துவிட்டீர்கள். செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு அவர் உங்களுக்குத் தண்ணீர் பிடித்து வைத்தார்.

அவர் போன மறுவாரம் மன்றம் கூடி இரங்கல் தீர்மானம் போட்டிருக்கிறது. நகலை எனக்கு அனுப்பினார்கள். எல்லோரும் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம், பிறகு 'ஏகமனதாக நிறைவேறியது'. அவர் பெயர் வருகிற பக்கத்தில் அந்தச் சொல் முதல்முறையாக உண்மையாக இருக்கிறது. மறுப்பதற்கு அவர் இல்லை. சந்தைக் கழிப்பறை இந்த ஆண்டும் பரிசீலனையில்தான் இருக்கிறது.

அவர் போன பிறகு வந்த முதல் செவ்வாய்க்கிழமையும் பின்கதவு திறந்திருந்ததாம். சாவு நடந்த வீடாயிற்றே என்று பெண்கள் தயங்கி நிற்க, சண்முகம் வாளியோடு வெளியே வந்து வழிவிட்டாராம். அன்று சாயங்காலம் நான் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வராது என்று தெரியும். இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன்.

இதைப் படித்துவிட்டு மேலே யாராவது அனுப்பினால் அனுப்பட்டும். உயிரோடு இருக்கிறேன் என்று இந்த ஆண்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், வரச் சொன்னால் வருவேன். அவருடையது என்று என்னிடம் இருப்பது ஒரே ஒரு சொல். அதை அவரிடமிருந்து எடுத்தவனே நான்தான். படத்திறப்பு அன்று, அவர் முகத்துக்கு முன்னால், செல்வி இதை உரக்கப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பொருள் எண் பதினொன்று. நெடுஞ்சாலை முனையில் நுழைவு வளைவு அமைத்தல். ஏழாவது வார்டு உறுப்பினர் திருமதி தனபாக்கியம் நீங்கலாக, மற்ற உறுப்பினர்கள் ஒப்புதலுடன் நிறைவேறியது.